இரவல் சட்டமா, நம் சட்டமா?

குடியரசு தினத்தன்று நம் ராஜ்யத்தின் கிராமங்கள்தோறும் கிராம சபை கூடுவதை வாசகர்கள் நன்கு அறிவார்கள். கொடியேற்றம் முடிந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கியபின், பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்போ பள்ளிக்கூட மரத்தடியிலோ ஜமக்காளம் விரித்து ஊரார் அமர்கிறார்கள். வட்டார வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டுள்ள நம் போன்றோர் அன்று ஏதேனும் ஒரு கிராமத்தில் இருப்பது வழக்கம். சென்ற ஆண்டு அவ்வாறு நாம் சென்றிருந்த ஒரு சிறு கிராமத்தில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அன்று பஞ்சாயத்துச் செயலர் அரசியல் சட்டத்தின் முகவுரையைப் படித்து முடித்தார். அடுத்துக் காலனித் தெருக்களுக்குக் குடிநீர்க் குழாய் அமைக்கும் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்பொழுது முன்வரிசையில் இருந்த ஒரு முதிய விவசாயி எழுந்தார்.

"ஐயா, இதே தீர்மானத்தை ஏற்கெனவே இரண்டு தடவை போட்டாயிற்று. காகிதம் போனது, தண்ணீர் வரவில்லை. இந்தச் சட்டத்தில் அயர்லாந்திலிருந்து கொஞ்சம், அமெரிக்காவிலிருந்து கொஞ்சம், இங்கிலாந்திலிருந்து மீதி என்று என் பேரனுடைய பாடப் புத்தகத்தில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். என் பாட்டன் காலத்தில் ஆலமரத்தடியில் ஐந்து பேர் உட்கார்ந்தால் அரை நாழிகையில் காரியம் முடிந்துவிடும். இந்த இரவல் சட்டத்தை வைத்துக்கொண்டு நாம் ஏன் அல்லாட வேண்டும்?"

சிலர் சிரித்தார்கள், பலர் தலையசைத்தார்கள். பின்வரிசையிலிருந்து, விவசாயக் கூலி வேலை செய்யும் பெண்மணி ஒருவர் எழுந்தார். அவர் காலனித் தெருவைச் சேர்ந்தவர்.

"பெரியவர் சொல்லும் ஆலமரத்தடியில் என் பாட்டன் கை கட்டித் தள்ளி நின்றார். என் பாட்டி அந்தப் பக்கமே போனதில்லை. இன்றைக்கு அவர் உட்கார்ந்திருக்கும் ஜமக்காளத்தில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சட்டம் எந்தச் சீமையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் எப்பொழுது வரும் என்பதை மட்டும் அதிகாரி ஐயா சொல்லட்டும்."

இருவர் கேள்வியும் நியாயமானவை. இரண்டாவது கேள்விக்கு அன்று நாம் ஏதோ ஒரு பதில் சொன்னோம். அதைக் கட்டுரையின் இறுதியில் கூறுவோம். முதல் கேள்விக்கு அந்தச் சபையில் விடை கூற நேரம் போதவில்லை. ஒரு நாட்டின் அரசியல் சட்டம் பிற நாடுகளின் கருத்துக்களை இரவல் வாங்கலாமா? வாங்கினால் அது அந்நாட்டுக்கு உரியதாகுமா? இதனைச் சற்று விரிவாக ஆராய்வது கிராமப் பணியில் உள்ள அனைவருக்கும் பயன் தரும்.

வாங்கியவை எவை?

முதியவரின் பேரன் படித்த பட்டியல் பொய்யன்று. நம் அரசியல் நிர்ணய சபை 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி முதன்முதலாகக் கூடியது. 1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி அரசியல் சட்டத்தை ஏற்றது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நடந்த இந்த வேலையில் உலகத்தின் பல சட்டங்கள் மேஜைமீது விரிக்கப்பட்டன என்பது உண்மையே. சபையின் ஆலோசகராக இருந்த பி. என். ராவ் 1947-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்கு நேரில் சென்று, அங்குள்ள நீதிபதிகளையும் அரசியல் அறிஞர்களையும் கண்டு பேசித் திரும்பினார்.

மந்திரி சபை பார்லிமெண்டுக்குப் பொறுப்பாக இருக்கும் முறை பிரிட்டனில் வளர்ந்தது. அடிப்படை உரிமைகளை எழுதிவைத்து, அவற்றைக் காக்கும் பொறுப்பை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் முறையில் அமெரிக்காவின் செல்வாக்கு மிகுதி. பட்டியல்களில் சொல்லப்படாத எஞ்சிய அதிகாரங்களை மத்திய அரசாங்கத்திடம் வைக்கும் ஏற்பாடு கனடாவை ஒத்தது. ராஜ்யங்களுக்கிடையே தடையற்ற வாணிபம், இரு சபைகளும் ஒன்றாக அமரும் கூட்டம் ஆகியவற்றில் ஆஸ்திரேலியாவின் சாயல் உண்டு. அரசாங்கத்துக்கு வழிகாட்டும் கோட்பாடுகள் என்ற அமைப்பு அயர்லாந்தின் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. இவை எல்லாவற்றையும்விட, நிர்வாக விவரங்களில் பெரும்பகுதி, நம்மை ஆண்ட பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டது.

சபையில் எழுந்த கண்டனம்

முதியவர் கேட்ட கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே பலமாக எழுந்தது. மைசூரைச் சேர்ந்த கே. அனுமந்தய்யா 1949-ஆம் ஆண்டு நவம்பரில் பேசுகையில், வீணையின் இசையை விரும்பிய நமக்கு ஆங்கிலப் பாண்டு வாத்தியத்தின் ஓசை கிடைத்திருக்கிறது என்னும் கருத்துப்பட வருந்தினார். சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்த டி. பிரகாசம் போன்றோர் கிராமப் பஞ்சாயத்தையே அரசியலின் அடித்தளமாக அமைக்க வேண்டும் என்று வாதாடினார்கள். காந்தியடிகளின் கருத்துக்களை ஒட்டி ஸ்ரீமன் நாராயண் அகர்வால் 1946-ஆம் ஆண்டிலேயே ஒரு மாதிரி அரசியல் சட்டத்தை எழுதி வெளியிட்டிருந்தார். அதில் கிராமமே வேர். மற்ற அமைப்புக்கள் யாவும் அதிலிருந்து எழும் கிளைகள்.

வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர் 1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி வரைவைச் சபைமுன் வைத்தபோது இக்கண்டனத்துக்கு நேராகவே விடை கூறினார். எழுதப்பட்ட அரசியல் சட்டங்கள் உலகில் தோன்றி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பிறகு, அவற்றின் பொது அம்சங்கள் ஒன்றுபோல் இருப்பது இயல்பு என்றார். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கருத்துக்களுக்கு எவரும் தனியுரிமை கொண்டாட முடியாது. ஆகையால் இரவல் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதும் அவர் கருத்து. அத்துடன் அவர் நிற்கவில்லை. கிராமம் என்பது குறுகிய மனப்பான்மைக்கும் அறியாமைக்கும் வகுப்புவாதத்துக்கும் இருப்பிடம் என்று கடுமையாகச் சாடி, கிராமத்தை விட்டுத் தனி மனிதனையே இச்சட்டம் அலகாகக் கொண்டது குறித்துத் தாம் மகிழ்வதாகவும் கூறினார்.

இச்சொற்கள் பல உறுப்பினர்களின் மனத்தைப் புண்படுத்தின. கிராமப் பணியே வாழ்க்கையாகக் கொண்ட நமக்கும் முதன்முறை படிக்கையில் வருத்தமாகவே இருக்கும். ஆனால், பின்வரிசையில் எழுந்த அப்பெண்மணியின் சொற்களைக் கேட்டபின் நமக்கு வேறு விதமாகத் தோன்றிற்று. ஆலமரத்தடியின் நிழல் எல்லோர்மீதும் சமமாக விழவில்லை. அந்த நிழலுக்கு வெளியே நின்றவர்களின் குரல் அது.

விவாதத்தின் முடிவு மனநிறைவு தரத்தக்கது. நம் தஞ்சை மண்ணில் பிறந்த கே. சந்தானம் 1948-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். கிராமப் பஞ்சாயத்துக்களை அமைத்து, அவை சுயாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரங்களை அளிக்க அரசாங்கம் முயல வேண்டும் என்பதே அத்திருத்தம். டாக்டர் அம்பேத்கர் மறுப்பின்றி அதனை ஏற்றுக்கொண்டார். அதுவே இன்றைய 40-ஆவது ஷரத்து.

படி வெளியூருடையது, நெல் நம்முடையது

இந்த 40-ஆவது ஷரத்து எங்கே இடம்பெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்திலிருந்து வாங்கிய வழிகாட்டும் கோட்பாடுகளின் பகுதியில்தான் அது இருக்கிறது. இக்கோட்பாடுகளை நிறைவேற்றும்படி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. ஆயினும் நாட்டை ஆள்வோர் இவற்றைக் கடமையாகக் கொள்ள வேண்டும். இந்த அமைப்பு முறை அயர்லாந்தினுடையது. ஆனால் அதனுள் நாம் இட்டு நிரப்பியவை என்ன? கிராமப் பஞ்சாயத்து, கிராமத்துக் குடிசைத் தொழில், மதுவிலக்கு, பலவீனமான வகுப்பினரின் கல்வியும் பொருளாதார நலனும், விவசாயம், கால்நடை ஆகியவையே. அளக்கும் படி வெளியூரில் செய்ததாக இருக்கலாம். அளந்து போட்ட நெல் நம் களத்து நெல்.

அந்த நெல் முளைத்துப் பயிராவதற்கு வெகு காலம் பிடித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பஞ்சாயத்துக்களுக்கு அரசியல் சட்டத்திலேயே உறுதியான இடம் தந்த 73-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. இடையில் 43 ஆண்டுகள் கடந்துவிட்டன. இத்திருத்தமே கிராம சபைக்கு அரசியல் சட்ட அந்தஸ்து அளித்தது; ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கிற்று; ஹரிஜன, பழங்குடி மக்களுக்கு ஜனத்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இடங்களை ஒதுக்கியது; பஞ்சாயத்துக்களிடம் ஒப்படைக்கத் தகுந்த 29 துறைகளைப் பட்டியலிட்டது. நம் ராஜ்யத்தில் பெண்களுக்கான பங்கு 2016-ஆம் ஆண்டில் பாதியாக உயர்த்தப்பட்டது. இவற்றை எந்த நாட்டிலிருந்து இரவல் வாங்கினோம்? 1948-இல் ஒரு திருத்தமாக நட்டதை நம் அநுபவமே வளர்த்தது.

வோட்டுச் சீட்டும் அவ்வாறே. வோட்டுப் போட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை மேல்நாட்டிலிருந்து வந்தது என்பர். ஆனால் 1951-52-ஆம் ஆண்டுகளில் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, சுமார் 17 கோடி வாக்காளர்கள் இருந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்குச் சுமார் 18 பேரே. படிப்பில்லாதவர் எவ்வாறு வோட்டளிப்பது என்ற கேள்விக்கு இரவல் விடை போதவில்லை. ஆகவே ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு சின்னம் கொடுத்து, அச்சின்னம் ஒட்டிய தனிப் பெட்டியையும் வைத்தார்கள். சொத்து, படிப்பு, ஆண், பெண் என்ற வேற்றுமை பாராமல் வயது வந்த அனைவருக்கும் நம் குடியரசு பிறந்த நாள் முதலே வாக்குரிமை கிடைத்தது. ஜனநாயகத்துக்குப் பெயர்பெற்ற ஸ்விட்ஜர்லாந்தில் பெண்கள் தேசியத் தேர்தலில் வோட்டுரிமை பெற்றது 1971-ஆம் ஆண்டில்தான்.

தீண்டாமையை ஒழித்த 17-ஆவது ஷரத்தை நோக்குவோம். பிரிட்டன், அமெரிக்கா, அயர்லாந்து ஆகிய நாடுகளின் சட்டங்களில் தீண்டாமை என்ற நோயின் பெயரே கிடையாது. அதற்குரிய மருந்தை இரவல் வாங்க இடமேது? நம் நோயை நாமே அறிந்து, நாமே எழுதிய மருந்து அது.

ஒரு சொற்றொடரின் கதை

இரவல் வாங்கிய சொல் நம் மண்ணில் எவ்வாறு பொருள் மாறி வளர்கிறது என்பதற்கு 21-ஆவது ஷரத்து சிறந்த சான்று. எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் எம்முறையில் பறிக்கலாம் என்பது கேள்வி. அமெரிக்கச் சட்டத்தின் சொற்றொடரை முதலில் நம்மவர்கள் எண்ணியிருந்தார்கள். அச்சொற்றொடரைக் கொண்டு நீதிமன்றங்கள் சமூகச் சட்டங்களையே தடுத்துவிடக் கூடும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஃபிராங்பர்ட்டர் பி. என். ராவிடம் எச்சரித்தார். அதன்பின் வரைவுக் குழு அதைக் கைவிட்டு, ஜப்பானின் 1946-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் உள்ளதைப் போல, சட்டம் வகுத்த முறைப்படி அன்றிப் பறிக்கக் கூடாது என்று எழுதியது.

1950-ஆம் ஆண்டில் ஏ. கே. கோபாலன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இச்சொற்களுக்கு மிகக் குறுகிய பொருளே கொடுத்தது. சட்டசபை ஒரு முறையை வகுத்திருந்தால் போதும், அது நியாயமான முறைதானா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை என்பது அப்பொழுது கொண்ட கருத்து. 1978-ஆம் ஆண்டில் மேனகா காந்தி வழக்கில் இப்பொருள் மாறியது. வகுக்கப்படும் முறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று கோர்ட்டு கூறியது. 1985-இல் பம்பாய் நடைபாதையில் குடியிருந்த ஏழைகளின் வழக்கில், உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கு வழிதேடும் உரிமையும் அடங்கும் என்றது. 2002-ஆம் ஆண்டில் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளின் கல்வி அரசியல் சட்டத்திலேயே அடிப்படை உரிமையாக எழுதப்பட்டது. அமெரிக்காவில் எண்ணி, ஜப்பானில் எடுத்த ஒரு சொற்றொடர், நம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் வாசற்படி வரை வந்து சேர்ந்துவிட்டது. இதனை இன்னும் ஜப்பானியச் சரக்கு என்று யார் சொல்ல முடியும்?

நிலக்கடலையும் சீமைக் கருவேலும்

இவ்வளவும் கூறியதால், வாங்கிய அனைத்தும் நன்மையே செய்தன என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. நம் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் விளையும் நிலக்கடலை தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. நம் அடுப்பங்கரையின் மிளகாயும் கடல் கடந்து வந்ததே. இவை இல்லாத வீடு இன்று நம் நாட்டில் இல்லை. ஆனால், அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து விறகுக்கு ஆகும் என்று கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல் நம் ஏரிகளையும் புறம்போக்குகளையும் அடைத்துக்கொண்டு நிற்பதை யாவரும் அறிவோம். இரண்டும் வெளியிலிருந்தே வந்தன. ஒன்று நம் வயிற்றை நிரப்பியது. மற்றொன்று நம் ஏரியை விழுங்கியது. ஆகவே, எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் கேட்டு ஒரு பொருளின் குணத்தை அறிய முடியாது.

அரசியல் சட்டத்திலும் இத்தகைய அநுபவம் நமக்கு உண்டு. நெருக்கடி காலத்தில் பிரஜைகளின் உரிமைகளை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைப் பற்றி அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தபோது, எச். வி. காமத் ஜெர்மனியின் வைமார் அரசியல் சட்டத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார். 1919-ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் இருந்த 48-ஆவது ஷரத்தைக் கொண்டே 1933-இல் அந்நாட்டு மக்களின் உரிமைகள் நிறுத்தப்பட்டன; பின்னர் நடந்தது உலகம் அறிந்தது. காமத்தின் எச்சரிக்கை அன்று ஏற்கப்படவில்லை. 1975-ஆம் ஆண்டு ஜூன் முதல் 1977-ஆம் ஆண்டு மார்ச் வரை நம் நாட்டில் நெருக்கடி நிலை நீடித்தது. காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை அணுகவும் இயலாது என்று 1976-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளிக்கும் நிலை வந்தது. அதன்பின் 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம், எந்த நெருக்கடியிலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உரிய 21-ஆவது ஷரத்தை நிறுத்த முடியாது என்று வேலி கட்டிற்று. இன்னொரு நாட்டின் சட்டத்தை எடுக்கும்போது, அச்சட்டத்தால் அந்நாடு பட்ட துன்பத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

நம் பழமையும் ஆராய்ந்து கொள்ளத்தக்கதே

வெளிநாட்டை விட்டு நம் பழமைக்கே திரும்பலாமே என்பவர்கள் உத்தரமேரூரைக் காட்டுவார்கள். பெருமைக்குரிய சான்றுதான். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுக்கள் அங்கு உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியங்களை அமைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி இடம்பெற முடியாது. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் இவ்விதி இன்று படித்தாலும் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது.

ஆனால், அக்கல்வெட்டை முழுவதும் படிக்க வேண்டும். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், சாஸ்திரப் பயிற்சியும் உடையவராக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராக இருப்பவரே குடத்தில் பெயர் போடத் தகுந்தவர். அது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊரின் சபை. நிலத்தை உழுதவருக்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. மேலும் அது குலுக்கல் முறையே அன்றி, இன்றைய வோட்டு முறை அன்று. பத்தாம் நூற்றாண்டு மக்களை இதற்காகக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் இருந்து ஒரு முறையை எடுத்துக்கொள்வதும் ஒரு வகையில் இரவலே. ஆகையால் அயர்லாந்துச் சட்டத்தைச் சலித்த அதே சல்லடையில் உத்தரமேரூரையும் சலித்தெடுக்க வேண்டும் என்பதே நாம் கூற விரும்புவது. கணக்குக் காட்டும் விதி சல்லடையில் மணியாக நிற்கும். நிலத் தகுதி பதராகப் போகும்.

நம் அலுவலகமே ஒரு பாடம்

இனி நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் அமர்ந்திருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகமே கலப்பில் பிறந்ததுதான். சென்னை மாகாணத்தில் 1946-இல் தொடங்கிய பிர்க்கா அபிவிருத்தித் திட்டம் காந்தீயக் கருத்துக்களை ஒட்டியது. உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா ஜில்லாவில் 1948-இல் தொடங்கிய முன்னோடித் திட்டமோ ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்க நிபுணரின் யோசனைப்படி எழுந்தது. இத்தகைய அநுபவங்களின்மீது, அமெரிக்க உதவியும் சேர்ந்து, 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமூக நலத் திட்டம் 55 இடங்களில் தொடங்கப்பட்டது.

திட்டம் நல்லதே, ஆயினும் அது அதிகாரிகளின் திட்டமாகவே நின்றது. மக்கள் கை கட்டி வேடிக்கை பார்த்தார்கள். 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு இக்குறையைக் கண்டு, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி கூறியது. 1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி நம் ராஜ்யத்தில் பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தன. பொறுப்பு மக்கள் கைக்கு வராத வரையில், காந்தீயத் திட்டமாயினும் அமெரிக்கத் திட்டமாயினும் அந்நியமாகவே இருக்கும் என்பதை நம் இலாகா தன் அநுபவத்தில் கற்றுக்கொண்டது.

வாங்கிய நாம் கொடுத்ததும் உண்டு. அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பைத் திருத்தத்தாலும் அழிக்க முடியாது என்று 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட்டு கூறிய கொள்கையை, 1989-இல் வங்காள தேசத்தின் சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்பில் கையாண்டது. அறிவுலகில் கொடுக்கல் வாங்கல் எப்பொழுதும் இருந்துகொண்டே இருக்கும்.

மூன்று கேள்விகள்

ஆகவே, வெளிநாட்டுக் கருத்தாயினும் நம் பழங்காலக் கருத்தாயினும், அதனை ஏற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது நலம் என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, இது நம்மிடம் உள்ள ஒரு குறையைத் தீர்க்குமா? பிறரிடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஊரிலேயே மிகவும் எளியவர் இதனைத் தன் கையில் எடுத்துப் பயன்படுத்த முடியுமா? வலியவருக்கு மட்டும் உதவும் சட்டம் நம் ஊரில் பிறந்ததாயினும் அந்நியமே. மூன்றாவது, தீங்கு நேர்ந்தால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறதா? நம் அரசியல் சட்டம் நூற்றுக்கு மேற்பட்ட தடவை திருத்தப்பட்டுள்ளது. அதனைக் குறையாகச் சொல்வோர் உண்டு. தவறான திருத்தங்களும் நேர்ந்திருக்கலாம். ஆனால் 73-ஆவது திருத்தமும் 44-ஆவது திருத்தமும் அவ்வழியில் வந்தவையே.

இனி அப்பெண்மணியின் கேள்விக்கு வருவோம். தண்ணீர் எப்பொழுது வரும்? ஊராரின் தீர்மானம் இருமுறை நிறைவேறியும் பணி நடவாமைக்குக் காரணம் அயர்லாந்தும் அன்று, அமெரிக்காவும் அன்று. மதிப்பீட்டுக் காகிதம் மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டிருந்தது; அம்மேஜைகளுள் நம்முடையதும் ஒன்று. இதனை அன்று சபையிலேயே ஒப்புக்கொண்டோம்; அடுத்த சுதந்திர தினக் கிராம சபைக்குள் வேலையை முடிப்பதாகவும் சொன்னோம். குழாய் செல்லக் குறுக்கு வழி அம்முதியவரின் வயல் ஓரமாக இருந்தது. அதைக் கேட்கவே பலர் தயங்கியிருந்தார்கள். கேட்டபோது அவர், "வரப்பை வெட்டாமல் போகட்டும்" என்று சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிட்டார்.

ஆகஸ்டு 15-ஆம் தேதி நாம் மறுபடியும் அக்கிராமத்துக்குச் சென்றோம். காலனியின் மூன்று தெருக்களில் இரண்டுக்குத் தண்ணீர் வந்திருந்தது. மூன்றாவது தெருவுக்குக் குழாய் பதித்திருந்தும், அழுத்தம் போதாமல் நீர் ஏறவில்லை. சபை கூடியதும் அதே பெண்மணி எழுந்து மூன்றாவது தெருவைப் பற்றிக் கேட்டார். இம்முறை அவர் பின்வரிசையில் இல்லை. அவர் கேட்டு முடிக்குமுன், "அந்தத் தெருவுக்குத் தேதி போட்டு எழுதுங்கள் ஐயா" என்று முதியவரும் சொன்னார்.

அரசியல் சட்டம் எங்கிருந்து வந்தது என்று அன்று எவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கவும், பதிலைத் தேதி போட்டு எழுதி வாங்கவும் ஊரார் பழகிவிட்டார்கள். அவ்வாறு எழுதிய தேதிகளைக் காப்பாற்றுவது அலுவலகங்களில் அமர்ந்துள்ள நம் போன்றோரின் கடமை. தவறாமல் கிராம சபைக்கு வந்து கணக்குக் கேட்பது ஊராரின் கடமை. இவ்விரு கடமைகளும் நடைபெறும் கிராமத்தில் இச்சட்டத்தை இரவல் என்று எவரும் சொல்லார்.